உரக்கடைக் காலண்டரில் முதல் வாசகம்

எனக்குக் கண் பார்வை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் யாராவது "ஐயோ பாவம்" என்பார்கள், எனக்கு எரிச்சல் வரும். பார்வை இல்லை என்றால் ஒரேயடியாக இருட்டு என்றும் நினைக்க வேண்டாம். சன்னல் எந்தப் பக்கம், விளக்கு எரிகிறதா, வாசல் வெளிச்சத்தை யாராவது மறைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நிற்பது யார் என்பதுதான் தெரியாது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். சின்ன வயதில் என் முகத்துக்கு முன்னால் விரல்களை நீட்டி "இது எத்தனை சொல்லு?" என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. நானும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வேன். எப்போதாவது சரியாக இருந்துவிடும். அன்றைக்குப் பார்வை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிடும்.

ஊர் ஓடைப்பட்டிப் பக்கம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வேதக்காரர்கள், தெருமுனையில் மாதா கோயில். ஆறு வயதில் என்னை மதுரையில் பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அழுது தீர்த்த பிறகு அங்கே நான் படித்தது பிரெயில்.

அது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்றாக, ஆறு புள்ளிகளுக்கு இடம். அத்தனையும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும். அந்த ஆறில் எது எது மேடாக இருக்கிறதோ அதுதான் எழுத்து. இடது பக்கம் மேலே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது அ. அதற்குக் கீழே ஒரு இடம் விட்டு இன்னொன்றும் இருந்தால் க. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தைச் சுற்றி நிற்கிற தொல்லையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. உயிரெழுத்தின் அடையாளம் எப்போதும் மெய்க்குப் பின்னால் ஒழுங்காக வந்து நிற்கும். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு புள்ளியாக எண்ணித்தான் படித்தேன். விரல் மரத்துப் போகும். பிறகு எப்போது என்று தெரியாமலே எண்ணுவது நின்றுபோயிற்று. புள்ளி மறந்து எழுத்து தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் எழுத்தும் மறந்து சொல் மட்டும் வந்தது. கண்ணால் படிக்கிறவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று ஒரு டீச்சர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் உங்களை இன்னும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தடித்தடியாகப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வருவேன். மடியில் வைத்து வாசித்துக் காட்டுவேன். கேட்டவர்களில் பாதிப் பேர் இது மாதா கொடுத்த வரம் என்றார்கள். மீதிப் பேர் பிள்ளை நன்றாக மனப்பாடம் பண்ணியிருக்கிறது என்றார்கள். வாசிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் வாசிப்பது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல ஊரில் இன்னொரு ஆள் இல்லாததால், என்னாலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

எனக்குப் பதினோரு வயதாகும்போது எங்கள் மாதா கோயில் பங்குக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். வீடு சந்திக்க வந்தவர் என் புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் தடவினாராம், அம்மா பிறகு சொன்னாள். ஒன்றும் பிடிபடாமல் சிரித்துவிட்டு, "இந்த வருசம் திருவிழாப் பூசையில முதல் வாசகம் நீதான் வாசிக்கணும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் பைபிளிலிருந்து வாசிக்கும் அந்த முதல் வாசகம் எங்கள் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மே மாதத் திருவிழாவில் அதை அவர்தான் வாசிப்பார். ஒவ்வொரு வருடமும் அதே வாசகம்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. மேகமலை அடிவாரம் வரைக்கும் கேட்கும் என்று அப்பா கேலி பண்ணுவார். சாமியாரிடம் பெரியப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்துதான் பேசினார்.

"சாமி சொன்னாக, சரி. ஆனா மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதுக்குப் பேரு வாசகமா? தாளத் தடவிக்கிட்டே ஒப்பிச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

அம்மா என்னவோ சமாதானம் சொன்னாள். அவர் விடவில்லை.

"நான் முன்னாடிதான் நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பேன். பிள்ள ஒரு எடத்துல தடுமாறுனாலும் எந்திரிச்சு வந்து நான் வாசிச்சு முடிச்சிருவேன். திருநாளும் அதுவுமா ஊர் சிரிக்கக் கூடாது."

அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வரம், மனப்பாடம் என்ற இரண்டையும் ஊர் வாயிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த கனமான தாளில், அம்மா சொல்லச் சொல்ல வாசகம் முழுவதையும் குத்தி எழுதி, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது போல்தான் அந்தப் பையைத் தூக்குவேன்.

திருவிழாவுக்குத் தேவாரம் ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அன்பான மனுஷி, ஆனால் எதையும் கசங்கலாகப் பார்க்கப் பொறுக்காது. அவள் வந்து இறங்கினால் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆறவே ஆறாது. வேட்டி, பாவாடை, தலையணை உறை, கைக்குட்டை, அடுப்படியில் தொங்கும் கைத்துணி வரைக்கும் தேய்த்து மடித்து வைத்துவிடுவாள்.

திருவிழா அன்று காலை. பத்து மணிக்குப் பூசை. குளித்து, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்று பையிலிருந்து தாள்களை எடுத்தேன். தாள் வெதுவெதுப்பாக இருந்தது. விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. புரட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் வழவழப்பு. அடுத்த தாளும் அப்படியே. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்துப்போன புள்ளிகள் விரலில் தட்டின, எழுத்து என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏத்தா, ஏன் இப்பிடிக் கத்துற? ஒண்ணும் எழுதாத வெள்ளத் தாளு, அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாத் தடிச்சுக் கெடந்துச்சு. ஈரத்துல ஊதிப்போச்சோன்னு நல்லாச் சூடு வச்சுத் தேச்சேன். இப்பப் பாரு, பட்டு மாதிரி இருக்கு."

அந்தத் தடிப்புதான் எழுத்து என்று அம்மா சொன்னதும் அத்தை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளுடைய அழுகை என் அழுகையை மிஞ்சிவிட்டது. அவளை யார் சமாதானப்படுத்துவது என்று ஒரு புதுப் பிரச்சினை கிளம்பியது.

அம்மா என்னைத் தனியே இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டாள். "வருசா வருசம் அதே வாசகந்தான, உனக்குத் தலைகீழாத் தெரியும். இந்தத் தாளையே கொண்டுபோயி வச்சுக்கிட்டு விரல ஓட்டு. வாயால சொல்லிரு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் சொன்னது உண்மை. யாருக்கும் தெரியாது. வெறும் தாளில் விரலை ஓட்டிக்கொண்டு முழு வாசகத்தையும் பிசிறில்லாமல் ஒப்பித்துவிட்டு வந்திருக்க முடியும். ஊர் மெச்சியிருக்கும். அந்த ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகவும் இருந்தது. அதனால்தானோ என்னவோ இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

"மாட்டேன்! வெறுந்தாள வச்சுக்கிட்டு வாசிக்கிற மாதிரி நடிச்சா அது களவு. அப்புறம் பெரியப்பா சொன்னது நெசமாப் போயிரும்."

வாசல் பக்கம் வெளிச்சம் மறைந்திருந்தது. யாரோ நிற்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் காப்பி குடிக்க வந்த பெரியப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. சரி, இனி அவர்தான் வாசிக்கப் போகிறார், தொலைந்தது என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து செருமினார்.

"வேற தாளு இருக்கா, ஆத்தா?" என்றார். அவருக்கு இவ்வளவு சின்னக் குரலும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தாள் வேட்டை தொடங்கியது. நோட்டுத் தாளில் குத்தினால் கிழிந்துவிடும். திராட்சைப் பெட்டி அட்டையில் ஊசி இறங்காது. அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு கனம் வேண்டும். கடைசியில் அம்மா அடுப்படிச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சின்னமனூரில் அப்பா மருந்து வாங்கும் உரக்கடையில் கொடுத்தது. ஆறு தாள், ஆறுபடை வீட்டு முருகன், தாளுக்கு இரண்டு மாதம். மாதா படம் போட்ட கோயில் காலண்டர் முன்னறையில் தொங்கும். முருகன் காலண்டர் அடுப்படியில். திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டிய தேதி, மருந்தடித்த தேதியெல்லாம் அப்பா முருகனிடம்தான் குறித்துவைப்பார். மே மாதம் பிறந்துவிட்டதால் முதல் இரண்டு தாளுக்கு வேலை முடிந்திருந்தது. தடவிப் பார்த்தேன். நல்ல கனம். திருப்பரங்குன்றமும் திருச்செந்தூரும் எனக்குக் கிடைத்தன.

தாளைக் கத்தரித்துத் தகட்டில் செருகினேன். எங்கள் எழுதுகருவி எளிமையானது. கீல் போட்ட இரண்டு தகடு, மேல் தகட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சன்னல்கள், குத்துவதற்கு மொட்டை முனை ஊசி ஒன்று. ஊசியை ஓங்கியதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, முருகன் முகத்துலயா குத்தப் போற? நம்ம சாமி இல்லாட்டியும் சாமிதான? பின்பக்கம் வெள்ளையா இருக்குல்ல, அங்கன குத்து."

ஏற்கெனவே ஒரு பாவம் செய்துவிட்ட பயத்தில் இருந்தாள். அவளுக்காகத் திருப்பிச் செருகினேன். அதில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாங்கள் குத்துவது ஒரு பக்கம், படிப்பது மறுபக்கம். குத்திய பக்கம் பள்ளமாகத்தான் இருக்கும். மேடு அந்தப் பக்கத்தில் எழும்பும். அதனால்தான் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப் போட்டு எழுதுகிறோம். தாளைப் புரட்டினால் எல்லாம் நேராகிவிடும். முருகனை ஊசியிலிருந்து காப்பாற்றிய அத்தை, வாசிக்கும்போது அவரை நேர் மேலே பார்க்க வைத்துவிட்டாள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு அழுகை போதும்.

அம்மா வாசகப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எழுதுத்தா." ஒரு தொடர் சொல்வார், என் ஊசி நிற்கும் வரை காத்திருப்பார், அடுத்ததைச் சொல்வார். அடுப்படியில் குழம்பு அடிப்பிடித்தது. கை வலித்தது. வியர்வையில் ஊசி வழுக்கியது. நடுவில் ஒருமுறை தகடு நகர்ந்துவிட்டதைக் கவனிக்காமல் இரண்டு வரிகளை நெருக்கி எழுதிவிட்டேன். திருத்த நேரமில்லை. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு பெரியப்பாவின் கையைப் பிடித்தபடி ஓடினேன். வழியில் அவர் கல் தடுக்கித் தடுமாறினார். நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

கோயில் நிறைந்திருந்தது. அத்தனை பேர் மூச்சுவிடுவதும் விசிறிக்கொள்வதும் எனக்குக் கேட்டது. அம்மா என்னை வாசக மேடை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு இறங்கிப் போனாள். தாளை விரித்தேன். பக்கத்தில் நின்ற சாமியார் திடீரென்று இருமினார். மேடையில் படுத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்த முருகனைத்தான் பார்த்திருக்க வேண்டும். அந்த இருமல் அடங்கச் சிறிது நேரமானது. "பரவால்ல, வாசிம்மா" என்றார். குரலில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

வலது கை ஆள்காட்டி விரல் வாசிக்கும். அது வரியின் கடைசிக்குப் போகும்போது இடது கை விரல் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துக் காத்திருக்கும். இரண்டு கையும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி வேலை செய்யும். விரல்கள் பாட்டுக்கு முருகனின் நெற்றியிலும் வேலிலும் போய்க்கொண்டிருக்க, என் தலை நிமிர்ந்திருந்தது. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறவர்கள் குனிந்தே நிற்பார்கள், அவர்கள் உச்சந்தலைதான் தெரியும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் சனங்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வாசித்தேன்.

முதல் தாள் முடிந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அப்போதுதான் முன்னால் இருந்தவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். "ஏலே, முருகன்லே" என்று ஒரு பையன் கிசுகிசுத்தான். சிரிப்புச் சத்தம் ஒரு மூலையில் கிளம்பி அடுத்த மூலைக்குப் போனது. அதே நேரம் என் விரல் அந்த நெருக்கி எழுதிய வரிகளில் போய் மாட்டிக்கொண்டது. மேல் வரியின் புள்ளியும் கீழ் வரியின் புள்ளியும் கலந்து கிடந்தன. வியர்வையில் விரல் வழவழப்பான தாளோடு ஒட்டியது. வாய் நின்றுபோயிற்று. அடுத்த சொல் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதைச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

அப்போது பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

பெரியப்பா எழுந்துவிட்டார். வரப்போகிறார். முடிந்தது.

"வாயப் பொத்துங்கலே! பிள்ள வாசிக்குதுல்ல!"

கோயில் கூரை அதிர்ந்தது. பூசை நேரத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கோயிலில் கேட்டதில்லை. விசிறிகள்கூட நின்றுவிட்டன. "நீ நிதானமா வாசி, ஆத்தா. அவசரமில்ல" என்றார் அடுத்தபடியாக. நாற்காலி மறுபடி இழுபட்டது. உட்கார்ந்துவிட்டார்.

விரலைப் பாவாடையில் துடைத்தேன். முதல் வகுப்பில் செய்தது போல, ஒவ்வொரு புள்ளியாக எண்ணினேன். இது மேல் வரியின் கால். இது கீழ் வரியின் தலை. மெல்ல மெல்ல எழுத்துகள் பிரிந்து நின்றன. சொல் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. கடைசியில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று நான் சொன்னதும், "இறைவா, உமக்கு நன்றி" என்று மொத்தக் கோயிலும் சொன்னது. அத்தனை வருடம் நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சொன்ன பதில், அன்று எனக்கே வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். தாளை ஆளாளுக்குத் தடவினார்கள். மனப்பாடம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை ஏன் நடுவில் நின்று தேட வேண்டும்? நான் தடுமாறிய இடம்தான் ஊருக்கு நம்பிக்கை கொடுத்திருந்தது. அத்தை எல்லாரிடமும் நடந்ததைத் தானே சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லச் சொல்ல அவள் தேய்த்ததால்தான் எல்லாம் நல்லபடி நடந்தது என்கிற மாதிரி ஆகிவிட்டது.

கூட்டம் கலைந்து பந்திக்குப் போனது. பெரியப்பா கூப்பிட்டார். "இங்கன வா, ஆத்தா. அந்தத் தாளக் குடு. என் விரலப் பிடிச்சு வச்சுக் காட்டு."

பிடித்து வைத்தேன். கவாத்துக் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரல். "ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"அமுக்காதீக பெரியப்பா. லேசாத் தடவுங்க. அமுக்குனா ஓடிப்போயிரும்."

எனக்கு ஒரே சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. வேறு விரலால் முயன்று பார்த்தார். பிறகு, "இத வயசானவுக படிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். ஆனா உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே" என்றேன்.

"அதுஞ்சரிதான்" என்றார் அவர்.

சர்க்கரை நோய் அவர் கண்களை அதற்கு முன்பே தின்ன ஆரம்பித்திருந்தது. முந்தைய இரண்டு மூன்று திருவிழாக்களிலும் வாசகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாமல், அவர் மனதிலிருந்துதான் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. எங்களுக்கெல்லாம் தெரிய வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. பதினோரு வயதுப் பிள்ளை, அதுவும் அன்றைக்கு ஊரையே ஜெயித்துவிட்டு நிற்கிற பிள்ளை, இதை எங்கே கண்டது? அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அ என்ற அந்த ஒற்றைப் புள்ளி அவர் விரலுக்குக் கிடைத்ததும் கை தட்டினேன். பந்தியில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தாளைக் கேட்டேன். அவர் தரவில்லை.

"இது என்கிட்ட இருக்கட்டும்த்தா" என்றார்.

என் பெருமையை நாலு பேரிடம் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தலைகால் புரியாத சந்தோஷத்தில் நான் பந்திக்கு ஓடினேன்.